கண்ணாடிக்கு ஒரு விரதமா?

சென்ற ஆண்டு ஒரு பிரதோஷ நாள். எங்கள் ஊர் சிவாலயத்தில் நந்தியெம்பெருமானுக்குப் பால் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. நல்ல கூட்டம். எனக்கு முன்னால் நின்றிருந்த ஒரு பெண் திடீரென்று தூணைப் பிடித்தாள். பிடித்த கை நழுவி, அப்படியே சரிந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். பார்த்தால், எங்கள் தெருப் பெண்! தவழ்கிற குழந்தையாக இருந்தபோதிலிருந்து எனக்குத் தெரியும். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

''காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. பிரதோஷ விரதம்!'' என்றார் அவளுடைய தாயார். சொன்ன குரலில் பதற்றம் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது. ''இந்தக் காலத்துல இப்படியொரு பொண்ணா!'' என்று சுற்றி நின்ற பெண்மணிகள் வியந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் வாசகர்களே... நானும் வியந்தேன்.

பிரதோஷம் மட்டுமல்ல. ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை, சங்கடஹர சதுர்த்தி, சோமவாரம், வெள்ளிக்கிழமை என்று அந்தப் பெண்ணின் பஞ்சாங்கத்தில் மாதத்துக்குப் பாதி நாள் விரத நாளாம். மீதி நாட்களிலும் விடியற்காலையில் எழுந்து, மொட்டை மாடியில் ஒன்றரை மணி நேரம் சூரிய நமஸ்காரம். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால், மறுநாள் அவளைப் பரிசோதித்த டாக்டர் அம்மாவுக்கு அது நன்றாகப் படவில்லை. நாடித் துடிப்பு மிகவும் மெதுவாக இருந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்திருந்தது. மாதவிலக்கு நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது; அதைத் தாயாரிடம்கூட அவள் சொல்லவில்லை. டாக்டர் அம்மா தாயாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பெண்ணிடம் தனியாகப் பேசினார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

''விரதம்னு சொன்னா யாரும் 'சாப்பிடு சாப்பிடு'ன்னு வற்புறுத்த மாட்டாங்க டாக்டர். சாமி பேரைச் சொன்னா அம்மாவும் சந்தோஷப்படறாங்க.''

உடம்பு இளைக்க வேண்டும். அது ஒன்றுதான் அந்தப் பெண்ணின் சங்கல்பம். எந்த ஸ்வாமியை நினைத்து என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. விரதம் முழுவதும் குளியலறைக் கண்ணாடியை நினைத்து இருந்த விரதம்.

இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். ''பேரும் ஊரும் போடாதீங்க மாமா. ஆனா எழுதுங்க'' என்றாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். ''எங்க அக்கா கல்யாணத்துல நீங்களும் சொன்னீங்க மாமா.''

நானா? என்ன சொன்னேன்? பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்டிருக்கிறாள், அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த குழந்தை. அடுத்த இலையில் உட்கார்ந்திருந்த நான், ''உனக்கு மாப்பிள்ளை பார்க்கறப்போ வாசக்காலை இடிச்சுப் பெரிசாக்கணும் போலிருக்கே!'' என்றேனாம். வரிசையே சிரித்ததாம். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவளுக்குப் பந்தியில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது வரை நினைவிருக்கிறது. நான் ஒருவன் சொன்னதால்தான் எல்லாம் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. இந்த நோய்க்குக் காரணங்கள் பல என்றுதான் சொன்னார். ஆனால், அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த நோய்க்கு மருத்துவர்கள் 'அனோரெக்ஸியா நெர்வோஸா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எடை கூடிவிடுமோ என்ற பயம் மனசைப் பிடித்துக்கொள்கிறது. எலும்பு தெரிய இளைத்த பிறகும், கண்ணாடியில் பார்த்தால் தான் பருமனாக இருப்பதாகவே தோன்றுகிறது. உணவு வராதபோது உடம்பு என்ன செய்யும்? செலவைக் குறைக்கும். இதயம் மெதுவாகத் துடிக்கும். கை கால் சில்லிடும். எலும்பு பலம் இழக்கும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. 'திமிர்', 'அழகுப் பைத்தியம்' என்றெல்லாம் சொல்லி ஒதுக்குகிற விஷயம் அல்ல இது.

சரி, இப்போது ஒரு கேள்வி. ஏகாதசியன்று பாட்டி ஒருத்தி வெறும் வயிற்றோடு இருக்கிறாள். அதே ஏகாதசியில் இந்தப் பெண்ணும் வெறும் வயிற்றோடு இருக்கிறாள். இரண்டு வயிறும் காலி. பசியும் ஒரே பசிதான். ஒன்றை விரதம் என்றும், மற்றொன்றை நோய் என்றும் எதை வைத்துச் சொல்கிறோம்?

'உபவாசம்' என்ற சொல்லைப் பாருங்கள். அருகில் வசித்தல் என்று பொருள். பகவானுக்கு அருகில் இருப்பது. அன்று அடுப்படி வேலை இல்லை, சாப்பாட்டு நினைவு இல்லை, மனம் அவனிடம் இருக்கட்டும் என்பதற்காக ஏற்பட்டது. பாட்டி அன்று சாப்பாட்டை மறந்துவிட்டு சஹஸ்ரநாமம் சொல்கிறாள். இந்தப் பெண்ணோ அன்று முழுவதும் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. தோசையில் எவ்வளவு எண்ணெய், நேற்று தின்ற பிஸ்கட்டில் எத்தனை கலோரி, எடை பார்க்கும் மெஷினில் முள் எங்கே நிற்கிறது... அருகில் வசித்தாள், உண்மைதான்; கண்ணாடிக்கு அருகில்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. விரதத்துக்கு முடிவு உண்டு. துவாதசி காலையில் பாரணை. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று அதற்கென்றே சமையல். பாரணையை நேரத்தில் செய்யாவிட்டால் விரதத்துக்கே பங்கம் என்பது சாஸ்திரம். அம்பரீஷ மகாராஜா கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். விரதம் முடித்து அரசர் பாரணை செய்ய வேண்டிய நேரத்தில் துர்வாசர் விருந்தாளியாக வருகிறார். நதியில் நீராடிவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. துவாதசியோ முடியப்போகிறது. விருந்தாளிக்கு முன் சாப்பிட்டால் அபசாரம். சாப்பிடாவிட்டால் விரத பங்கம். பெரியவர்களைக் கலந்துகொண்டு, துளி தீர்த்தம் மட்டும் பருகி விரதத்தை முடிக்கிறார் அம்பரீஷர். துர்வாசர் கோபத்தில் ஏவிய பூதத்தைச் சுதர்சனச் சக்கரம் அழித்தது, பிறகு அந்த முனிவரையே மூவுலகிலும் துரத்தியது என்பதெல்லாம் மீதிக் கதை. நான் பார்ப்பது அந்தத் துளி தீர்த்தத்தை. பட்டினியை நீட்டிக்கொண்டே போவதில் புண்ணியம் இருந்திருந்தால், அம்பரீஷர் அவ்வளவு தவித்திருக்க வேண்டாமே! துர்வாசர் வருகிறவரை காத்திருக்கிறேன் என்று சும்மா இருந்திருக்கலாம்.

கண்ணன் கீதையின் ஆறாவது அத்தியாயத்தில் இதைத்தான் சொல்கிறான். அதிகம் சாப்பிடுகிறவனுக்கு யோகம் கைகூடாது என்பதோடு அவன் நிறுத்தவில்லை. பட்டினி கிடக்கிறவனுக்கும் கைகூடாது என்கிறான். பதினேழாவது அத்தியாயத்தில் இன்னும் கடுமை. சாஸ்திரம் சொல்லாத தவங்களால் உடம்பை வதைக்கிறவர்கள், உள்ளே இருக்கும் தன்னையே வதைக்கிறார்கள் என்கிறான். அவர்களை அசுர சுபாவம் உள்ளவர்கள் என்கிறான். நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு உபவாசம் கட்டாயமில்லை என்று பெரியவர்கள் விலக்கு வைத்ததும் இதனால்தான்.

இந்த இடத்தில் எங்களைப் போல எழுதுகிறவர்கள் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். விரதத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் கடைசியில் ஒரு வரி சேர்ப்போம். 'இதனால் வயிறு சுத்தமாகிறது, கொழுப்பு கரைகிறது, உடல் எடை குறைகிறது. நம் முன்னோர்கள் எப்பேர்ப்பட்ட விஞ்ஞானிகள்!' என்று. இளைஞர்கள் படிக்க வேண்டுமே என்ற ஆசையில் சேர்க்கிற வரி அது. நானும் பலமுறை எழுதியிருக்கிறேன். இளைஞர்கள் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

''அதெல்லாம் இருக்கட்டும். இந்த உடம்பை மலமும் சலமும் நிறைந்த மூட்டை என்று நம் பெரியவர்கள்தானே பழித்தார்கள்? சித்தர்கள் பாடாததா? அப்புறம் அந்தப் பெண்ணை மட்டும் குறை சொல்வானேன்?'' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கும் இந்தச் சந்தேகம் வெகுநாள் உண்டு.

காரைக்கால் அம்மையாரையே எடுத்துக்கொள்வோம். அறுபத்து மூவர் வரிசையில் அமர்ந்த கோலத்தில், எலும்பும் நரம்புமாகக் காட்சி தருகிறாரே, அவர்தான். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடல்வல்லான் சிற்பத்தின் திருவடி அருகே தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். வற்றிய மார்பு, குழி விழுந்த வயிறு. சதையை உதறித் தள்ளிவிட்டுப் பேய் வடிவம் வேண்டும் என்று இறைவனிடம் கேட்டு வாங்கியவர். உடம்பை வெறுத்ததற்கு இதைவிட வேறு சாட்சி உண்டா?

ஆனால், கதையை முதலிலிருந்து படியுங்கள். புனிதவதி என்ற இல்லத்தரசியின் வீட்டு வாசலில் பசியோடு ஓர் அடியார் வந்து நிற்கிறார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை எடுத்துச் சோற்றோடு படைக்கிறாள். அவளுடைய சரித்திரமே ஒரு வயிற்றுப் பசியை ஆற்றியதில்தான் தொடங்குகிறது. பிறகு இறைவன் அருளால் வந்த கனியைக் கண்டு அஞ்சிய கணவன் பாண்டி நாட்டுக்குப் போய், வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டு, கடைசியில் மனைவியின் காலில் மகளோடு விழுகிறான். இந்த அழகை இவனுக்காகத்தானே சுமந்தேன், இனி எதற்கு என்று அப்போதுதான் அவள் அதைக் கழற்றி வைக்கிறாள். இங்கே கவனியுங்கள். நம் வீட்டுப் பெண் இளைப்பது நாலு பேர் கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்கு. அம்மையார் கேட்டதோ, ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கக் கூசுகிற உருவம். நாலு பேர் கண்ணிலிருந்தே அவர் விடுதலை கேட்டார். அந்தக் கோலத்தோடு தலையால் நடந்து கயிலை ஏறியவரை, 'அம்மையே' என்று அழைத்தார் சிவபெருமான். ஒல்லியாக இருக்கிறாய் என்றா அழைத்தார்?

திருமூலர் கதை இன்னும் சுவாரஸ்யம். ஆரம்பத்தில் உடம்பை இழிவாக நினைத்திருந்ததாகவும், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்ட பிறகு அதைப் பேணத் தொடங்கியதாகவும் அவர் திருமந்திரத்தில் சொல்வது பலருக்கும் தெரியும். ஆனால், அதைச் சொன்னபோது அவர் இருந்தது யாருடைய உடம்பில்? கயிலையிலிருந்து வந்த யோகி அவர். திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் சாத்தனூரில், மூலன் என்ற இடையன் இறந்து கிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் சுற்றி நின்று கதறின. அந்தப் பசுக்களின் துயரம் பொறுக்காமல் அவன் உடம்பில் புகுந்தார். தம் சொந்த உடம்பை ஓரிடத்தில் மறைத்து வைத்திருந்தார். திரும்பி வந்து பார்த்தால் காணோம்! ஆக, உடம்பைப் போற்று என்று நமக்குச் சொன்னவர், மாடு மேய்த்த ஒருவனின் வெயில் பட்ட உடம்பில் இருந்துகொண்டு சொன்னார். அவர் தேர்ந்தெடுத்த உயரமில்லை, நிறமில்லை, முகமில்லை. அந்த உடம்போடுதான் அரசமரத்தடியில் அமர்ந்து மூவாயிரம் பாடல்களைத் தந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: நம் உடம்பு மட்டும் நாம் தேர்ந்தெடுத்ததா என்ன? பாட்டியின் மூக்கு, தாத்தாவின் தொந்தி எல்லாம் கேட்காமலே வந்து சேர்ந்தவைதானே! வந்ததைப் பராமரிக்கிற பொறுப்பு மட்டும் நம்முடையது.

பராமரிப்பு என்றதும், இஷ்டப்படி சாப்பிடலாம், தொந்திக் கணபதியே சாட்சி என்று சிலர் கிளம்பிவிடுவீர்கள்! அப்படி அல்ல. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வுப்படி, நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டினால் எச்சரிக்கை தேவை என்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம்மவர்களில் பலருக்குக் கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. பார்க்க ஒல்லியானவருக்குச் சர்க்கரை இருக்கிறது. சற்றே பூசினாற்போல் இருப்பவருக்கு ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது. கண்ணாடி சொல்வது ஒன்று, ரத்தம் சொல்வது ஒன்று. ஆரோக்கியம் வேண்டுமானால் இரண்டாவதைக் கேட்க வேண்டும். 'பிரசாதம்தானே' என்று மூன்றாவது தொன்னை சர்க்கரைப் பொங்கலுக்குக் கை நீட்டுகிற என் போன்றவர்களுக்கும் இது பொருந்தும்.

உடற்பயிற்சியும் அப்படித்தான். திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு பாருங்கள். 14 கிலோமீட்டர். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர், முழங்கால் வலியோடு ஒரு பாட்டி, பருத்த உடம்போடு மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கடைக்காரர்... எல்லோரும் நடக்கிறார்கள். யாராவது யாருடைய இடுப்பையாவது பார்க்கிறார்களா? எல்லோர் கண்ணும் மலை மேல். வேகமாகப் போகக் கூடாது, நிறைமாத கர்ப்பிணி நடப்பதுபோல் நடக்க வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு அண்ணாமலைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. உங்கள் ஊர்க் கோயிலின் வெளிப்பிராகாரம் போதும்.

பையன்களுக்கு வேறு கஷ்டம். ஜிம் வாசலில் ஆஞ்சநேயர் படம் மாட்டியிருக்கிறது. உள்ளே சுற்றிலும் கண்ணாடி. மார்பு போதவில்லை, கை போதவில்லை என்று மாவு டப்பாக்களையும், யாரோ சொன்ன ஊசியையும் தேடுகிறார்கள். படத்தில் இருப்பவரைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்கக் கூடாதோ? ஜாம்பவான் நினைவூட்டுகிற வரை தன் பலமே தெரியாமல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தவர் அவர். கடலைத் தாண்ட மலைபோல் வளர்ந்தார். இரவில் இலங்கைக்குள் நுழைய உருவத்தைச் சுருக்கிக்கொண்டார். அன்னை சீதை, 'இத்தனூண்டு குரங்கு என்னை எப்படிச் சுமக்கும்' என்று சந்தேகப்பட்டபோது மறுபடி வளர்ந்து காட்டினார். ராம காரியத்துக்கு எந்த அளவு வேண்டுமோ அந்த அளவு உடம்பு. இளைத்தபோது அவர் வருந்தியதாகவும் இல்லை, வளர்ந்தபோது அதை ரசித்துக்கொண்டு நின்றதாகவும் இல்லை.

கண்ணாடியை நான் வெறுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கோயிலில் கண்ணாடி ஓர் உபசாரம். அலங்காரம் முடிந்ததும் ஸ்வாமிக்குக் காட்டுவார்கள். சித்திரை முதல் நாள் நம் வீடுகளில் கனி பார்க்கிறோமே, அங்கும் கண்ணாடி உண்டு. மா, பலா, வாழை, பூ, பொன், வெள்ளி எல்லாவற்றையும் பரப்பி நடுவில் கண்ணாடியை வைத்துவிட்டு, குழந்தைகளைக் கண்ணை மூடி அழைத்து வந்து, ''இப்போ பார்'' என்போம். மங்கலப் பொருட்களுக்கு நடுவே தூக்கம் கலையாத தன் முகத்தையும் குழந்தை பார்க்கும். அதுவும் அந்த மங்கலங்களில் ஒன்று என்றுதானே அங்கே வைத்தோம்? வருஷத்தில் ஒரு நாள் அப்படிக் காட்டிவிட்டு, மீதி நாளெல்லாம் 'கறுத்துட்டே', 'பெருத்துட்டே', 'குச்சி மாதிரி ஆயிட்டியே' என்று வாசலிலேயே நிறுத்திச் சொல்கிறோம். நலம் விசாரிப்பதாக வேறு நினைத்துக்கொள்கிறோம்.

உங்கள் வீட்டுக் குழந்தை திடீரென்று விரதங்களைக் கூட்டிக்கொண்டே போனால், மகிழ்வதற்கு முன் பாரணை அன்று ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று பாருங்கள். சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடுகிறாளா, வெயிலிலும் குளிர்கிறது என்கிறாளா, மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறாளா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் திட்டாதீர்கள், ஊட்டவும் முயலாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வெகுநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக விருந்து போடுவதும் ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

எங்கள் தெருப் பெண்ணுக்கு இப்போது வைத்தியம் நடக்கிறது. மனநல மருத்துவரையும் பார்க்கிறார்கள். டாக்டர் சொல்கிற வரை எந்த விரதமும் கூடாது, மொட்டை மாடிப் பயிற்சியும் கூடாது என்று உத்தரவு. அவள் தாயாருக்குத்தான் மனசு கேட்கவில்லை. ''சாமிக்கு எடுத்துக்கிட்ட விரதத்தைப் பாதியில விட்டா தோஷமில்லையா?'' என்று கோயில் குருக்களிடம் போய் நின்றார். நானும் கூட இருந்தேன்.

குருக்கள் கொஞ்சம் யோசித்தார். ''நம்ம கோயில்ல மத்தியானம் அன்னதானம் நடக்கறதே. விரத நாள்ல எல்லாம் குழந்தையை அங்கே அனுப்புங்கோ. நாலு பேருக்குப் பரிமாறட்டும். கடைசிப் பந்தியில அவளும் உட்காரட்டும். அதுதான் இனிமே அவ விரதம்'' என்றார்.

விடுமுறை நாட்களில் போய் வருகிறாள். முதல் நாள் பரிமாறிவிட்டு, இலையில் உட்காராமலே திரும்பிவிட்டாளாம். அடுத்த தடவை உட்கார்ந்தாள். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாளாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே வருகிறவர்களுக்கு அவள் யாரென்றே தெரியாது. போன வாரம் தாயாரைத் தெருவில் பார்த்தேன். ''சாம்பார் தாண்டி ரசம் வரைக்கும் வந்துட்டா. மோருக்குத்தான் இன்னும் வரலை'' என்றார்.